பகல்கனவு சில்க்ஸ்

ஈரோட்டில், பெருந்துறை ரோட்டோரம் மேகவண்ணா மால் திறந்த அன்று எஸ்கலேட்டரில் ஏறப் பயந்து நின்றவர்களின் வரிசை பவானி வரைக்கும் போனதாம். தைரியமாக ஏறியவர்கள் இறங்க மனமில்லாமல் மேலும் கீழுமாகப் போய்வந்ததில் படிகளே தேய்ந்து, மூன்றாம் மாதம் புது எஸ்கலேட்டர் மாட்டினார்களாம். முழுக்க நம்ப வேண்டியதில்லை. பாதி நம்பினாலும் அது பெரிய கூட்டம்தான்.

கூட்டத்துக்குக் காரணம் மூன்றாம் தளம். தளம் முழுக்க ஒரே கடை, ஏழுமுகூர்த்தம் சில்க்ஸ். மால்காரர்கள் பாஷையில் அதற்கு ஆங்கர் ஸ்டோர் என்று பெயர். பெரிய கடை ஜனத்தை இழுத்து வர வேண்டும். வந்த ஜனம் போகிற வழியில் செருப்பு, வளையல், ஐஸ்கிரீம் என்று எதையாவது வாங்கித் தொலைக்க வேண்டும். அதில் அறுபத்திரண்டு சின்னக் கடைகள் பிழைக்க வேண்டும். அந்த அறுபத்திரண்டிலும் ஆகச் சின்னது, எஸ்கலேட்டரின் காலடியில் நின்ற கோகிலவாணியின் மசாலா சோள வண்டி.

சின்ன வண்டிதான். ஆனால் மேலே நடப்பதெல்லாம் கோகிலவாணிக்குக் கீழே நின்றபடியே தெரியும். முகூர்த்தச் சேலை எடுக்க ஒரு வேன் ஆட்கள் வந்து இறங்குவார்கள். பெண்கள் மேலே போய்விடுவார்கள். ஆண்கள் கொஞ்ச நேரம் மேலே இருந்துவிட்டு, கால் கடுத்துக் கீழே வந்து சோளம் தின்பார்கள். மாமன்காரர் இரண்டாவது கப் கேட்டால் மேலே பார்டரில் தகராறு என்று அர்த்தம். மாப்பிள்ளையின் அப்பா மூன்றாவது கப் கேட்டால் கல்யாணமே கொஞ்சம் ஆட்டம் காண்கிறது என்று அர்த்தம். அப்போது கோகிலவாணி மேலே பார்த்துக் கும்பிட்டுக்கொள்வாள். மேலே இருந்தது சாமி இல்லை. அவள் புருஷன் சென்னியப்பன்.

சென்னியப்பன் பட்டு கவுண்டரில் இருபத்தாறு வருஷம் நின்றவர். அவர் சேலையை வீசி விரித்தால் அது இறங்கி மேஜையில் படிவதற்குள் ஒரு காப்பி குடித்துவிடலாம். எந்த அலமாரியில், எந்தத் தட்டில், மேலிருந்து எத்தனையாவது கட்டில் வாடாமல்லி நிறம் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். கவுண்டரில் உட்கார்ந்த யாரும் வெறுங்கையோடு எழுந்து போனதில்லை. ஒரே ஒரு அம்மாள் போனார். சென்னியப்பன் கையில் நாலு சேலையோடு படியிறங்கி, கார் நிறுத்துமிடம் தாண்டி, கோபிச்செட்டிபாளையம் பஸ்ஸில் ஏறி, ஓடுகிற பஸ்ஸில் நடுவழியில் முந்தியை விரித்துக் காட்டி விற்றுவிட்டுத்தான் திரும்பினார். பஸ்ஸில் இருந்த இன்னும் மூன்று பேரும் ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டார்கள். கண்டக்டர் உட்பட.

"எந்திரிச்சுப் போறவங்க ஒருக்காத் திரும்பிப் பாத்தாப் போதும் புள்ள, பாதி வாங்கியாச்சுன்னு அர்த்தம்" என்பார் அவர். "திரும்பாமப் போறாங்க பாரு, அவங்களத்தான் உடக்கூடாது."

பிறகு நெசவுப்பெட்டி வந்தது.

பிரிட்ஜ் உயரத்துக்கு ஒரு பெட்டி. ராத்திரி படுக்கும்போது அதனிடம் நிறத்தைச் சொல்லிவிட்டுப் படுத்தால், காலையில் காப்பி ஆறுவதற்குள் இட்லி மாதிரி சூடாகச் சேலை வந்து விழும். மூன்று வருஷத்தில் வீட்டுக்கொரு பெட்டி. ஏழுமுகூர்த்தம் சில்க்ஸ் இரண்டாயிரத்து நாற்பத்தேழாம் வருஷம் ஒரு வியாழக்கிழமை ஷட்டரை இறக்கியது. பின்னாலேயே கீழே இருந்த கடைகள் ஒவ்வொன்றாகத் தடுமாறின. மாலுக்குள் அமைதி என்றால் அப்படியொரு அமைதி. இரண்டாம் தளத்தில் யாராவது தும்மினால் தரைத்தளத்து வாட்ச்மேன் நூறு ஆயுசு சொல்வார். கோகிலவாணி ஒரு பகல் முழுக்க நின்று, வெந்த சோளத்தைத் தானே தின்று தீர்த்தாள்.

சென்னியப்பன் வீட்டில் துண்டுகளை மடித்தார். மடித்த துண்டுகளை விரித்தார். மறுபடி மடித்தார்.

இந்த நிலைமையில்தான் மாலின் மேனேஜர் ஹரிஷ்வர்தன் ஒரு நாள் வீட்டுக்கே வந்தார். கூடவே ஜெனிட்டா என்று ஓர் எஞ்சினியர் பெண், தூத்துக்குடிக்காரி. கையில் தலைப்பாகை மாதிரி ஒரு பட்டை வைத்திருந்தாள்.

"மூணாவது மாடியத் திறக்கறோமுங்க" என்றார் மேனேஜர்.

"சரக்கு?" என்றார் சென்னியப்பன்.

"சரக்கு வேண்டாமுங்க. கட்டில் போடறோம். நானூறு கட்டில்."

கோகிலவாணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏனுங்க, ஜவுளிக்கடையில தூங்கறதுக்கு யாருங்க வருவாங்க? மத்தியானத்துல எங்கூட்டு மாமா தூங்கறாரு, அது போதாதுங்களா?"

ஜெனிட்டாதான் விளக்கினாள். "அக்கா, இந்தப் பட்டையக் கட்டிட்டுப் படுத்தா எல்லாருக்கும் ஒரே கனவு வரும். ஒரே கடைக்குள்ள எல்லாரும் சேந்து போகலாம். ஆனா அந்தக் கனவு நிக்கணும்னா, கடை முழுக்க ஒருத்தர் தலைக்குள்ள இருக்கணும். அலமாரி, தட்டு, கட்டு எல்லாம். அவரு முதல்ல தூங்கணும், கடைசியா முழிக்கணும். நாங்க வேற கடையாளுங்க பத்துப் பேர வச்சுப் பாத்துட்டோம். ஒருத்தரு கனவுல பில் கவுண்டரே இல்ல. இன்னொருத்தரு கனவுல கடை பூரா அவரோட முதலாளியே நிக்காரு."

"கனவுல வாங்குன சேலை ஊட்டுக்கு வருங்களா?"

"வராதுக்கா."

"அப்பறம் என்னத்துக்குங்க வாங்கறது?"

இதற்குப் பதில் சென்னியப்பன் சொன்னார். அவர் கண்ணில் இரண்டு வருஷத்துக்குப் பிறகு ஒரு வெளிச்சம் வந்திருந்தது. "புள்ள, சேலை பெட்டியில வருது. ஆனா ஒரு பொம்பளைக்கு முன்னால ஒருத்தன் நின்னு, நாப்பது சேலைய அவுத்துப் போட்டு, 'உங்களுக்கு இது எடுப்பா இருக்குதுங்க அம்மிணி'ன்னு சொல்லோணுமல்ல? அது எந்தப் பெட்டியில வருது?"

கோகிலவாணி அவரை ஒரு பார்வை பார்த்தாள். இருபத்தேழு வருஷக் குடித்தனத்தில் அந்த வாக்கியத்தை அவர் அவளிடம் சொன்னதில்லை. வீட்டுக்கு வந்தால் அவர் வாய் வலிக்கும்.

*

பகல்கனவு அங்காடி திறந்தது. அறிவிப்புப் பலகையில் அந்தப் பெயர்தான். ஊர் அதைப் பகல்கனவு சில்க்ஸ் என்றே கூப்பிட்டது. மத்தியானம் ஒரு மணிக்குத் தூக்கம், நாலு மணிக்கு விழிப்பு. முதல் வாரம் நாற்பது பேர். இரண்டாம் வாரம் கட்டில் போதவில்லை. மூன்றாம் வாரம் கரூரிலிருந்தும் தாராபுரத்திலிருந்தும் பெண்கள் சொந்தத் தலையணையோடு வந்தார்கள். வீட்டில் தூக்கம் வராமல் மாத்திரை தின்றவர்கள்கூட இங்கே படியேறும்போதே கொட்டாவி விட்டார்கள். கனவில் வாங்கியதற்குப் பீரோவில் இடம் தேட வேண்டாம், மாமியாருக்குக் காரணம் சொல்ல வேண்டாம். ஒரு டீச்சரம்மா ஒரே மத்தியானத்தில் ஆயிரத்து நூறு பட்டுச் சேலை எடுத்துவிட்டு, விழித்தெழுந்து, நெஞ்சு நிறைந்து, வெறுங்கையை வீசிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

நாலு மணிக்கு நானூறு பேர் அகோரப் பசியோடு எஸ்கலேட்டரில் இறங்குவார்கள். கோகிலவாணிக்குக் கை ஓயவில்லை. பக்கத்தில் செருப்புக்கடை வைத்திருந்த அன்சாரி பாய், இறக்கிய ஷட்டரை மறுபடி ஏற்றிப் பூப்போட்டார். மாலுக்கு உயிர் வந்துவிட்டது.

உயிர் எங்கிருந்து வந்தது என்பதுதான் கோகிலவாணிக்கு மெல்லத் தெரிந்தது.

முதலில் சென்னியப்பன் சாப்பாட்டுத் தட்டை நீட்டினால், தட்டின் விளிம்பைத் தடவிப் பார்த்தார். ஜரிகை தேடுகிற விரல். பிறகு சாயங்காலம் நேரங்கழித்து விழிக்க ஆரம்பித்தார். நாலே கால், நாலே முக்கால், ஐந்தரை. ஒரு நாள் வீட்டு வாசலில் கோகிலவாணி கதவைத் திறந்தபோது, அவர் இரண்டு கையையும் கூப்பி, முகமெல்லாம் மலர்ந்து சொன்னார்.

"வாங்க அம்மிணி. முகூர்த்தத்துக்குங்களா, வளைகாப்புக்குங்களா?"

"மாமா, நானுங்க."

"தெரியுமுங்க. எந்த ரேஞ்சுல பாக்கறீங்க?"

அவள் சிரித்தாள். அவர் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஓ... கோகிலா" என்றார், அலமாரியில் அடியில் கிடந்த பழைய கட்டு ஒன்றைத் தேடி எடுத்தவர்போல.

ஆனி கடைசியில் ஜெனிட்டா சோள வண்டிக்கு வந்தாள். கப்பை வாங்கினாள், தின்னவில்லை.

"அக்கா, ஆடித் தள்ளுபடி வருதுல்ல. மூணு நாளு தொடர்ச்சியாக் கனவு ஓட்டப் போறாங்க. சாப்பாடெல்லாம் குழாய் வழியா. சாரு ஒத்துக்கிட்டாரு."

"எங்கூட்டுக்காரரா?"

"சந்தோசமா. மூணு நாள்தானான்னு கேட்டாரு." அவள் குரலைத் தாழ்த்தினாள். "நேத்து அவரு முழிக்க ரெண்டு மணி நேரம் ஆச்சுக்கா. மூணு நாள் உள்ள இருந்தா வெளிய வர மாட்டாரு. நான் எழுதிக் குடுத்துட்டேன். யாரும் படிக்கல."

கோகிலவாணி கரண்டியை வைத்துவிட்டு நேரே மேனேஜர் அறைக்குப் போனாள்.

ஹரிஷ்வர்தன் கெட்டவர் இல்லை. அவர் அறையில் ஜன்னலோரம் வைத்திருந்த ரோஜாச் செடிகூட மால் காலியாகக் கிடந்தபோது வாடி, இப்போதுதான் மொட்டு விட்டிருந்தது. "அக்கா, உக்காருங்க. பெரியவரு என்ன சின்னப் பாப்பாவா? அவருக்குப் புடிச்சுத்தானுங்க படுக்கறாரு."

"சாராயமும் புடிச்சுத்தானுங்க குடிக்கறாங்க."

"சரி, அவர எழுப்பியாச்சுன்னு வெச்சுக்குங்க. கனவு நின்னுரும். நின்னா இந்த அறுபத்திரண்டு கடையும் ஆவணி தாண்டாது. அன்சாரி பாயி, வளையக்கடை, பஞ்சுமிட்டாய், எல்லாரும். உங்க வண்டியுந்தான். அந்தப் பாவத்தை யாருங்க சுமக்கறது?"

"நீங்க சுமங்க, இல்லீன்னா நானு சுமக்கறேன். எங்கூட்டு ஆளு தலைமேல எதுக்குங்க வெச்சீங்க?"

நல்ல பதில்தான். சொல்லிவிட்டு அறையை விட்டு வெளியே வந்தாள். எதிரே செருப்புக்கடை வாசலில் அன்சாரி பாய் நின்றுகொண்டிருந்தார். எல்லாம் கேட்டிருக்கும், மேனேஜர் அறைக் கதவு மெல்லிசு.

"வாணி, நீ செய்யறது நியாயம். இல்லேன்னு சொல்ல மாட்டேன்" என்றார். "ஆனா நான் உனக்கு துவா செய்யறேன்னு மட்டும் எதிர்பார்க்காதே."

*

ஆடி முதல் தேதி. மூன்றாம் தளத்தில் நானூறு கட்டிலும் நிறைந்து, பாயிலும் ஆள். நடுவில் உயரமான கட்டிலில் சென்னியப்பன், கல்யாண மாப்பிள்ளை போலப் பட்டு வேட்டியில், தூக்கத்திலேயே புன்னகையோடு.

"மிஷினை நிறுத்தீரு கண்ணு" என்றாள் கோகிலவாணி.

"நிறுத்தினா மத்தவங்க முழிச்சிருவாங்கக்கா. அவரு மட்டும் இருட்டுக் கடையில மாட்டிக்கிடுவாரு. அவரே கதவத் திறந்து வெளிய நடந்து வரணும்."

"கடையில கடைசி ஆளு போனாத்தான் அவரு கெளம்புவாரு. கனவுல கடைசி ஆளு ஏது?" அவள் கொஞ்ச நேரம் புருஷனின் விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவை மார்பின்மேல் எதையோ மடித்துக்கொண்டிருந்தன. பிறகு ஏப்ரனைக் கழற்றினாள். "எனக்கொரு பட்டை கட்டு. எனக்குத் தெரிஞ்சு அவரு கவுண்டர உட்டு நகர்றது ஒரே ஒரு சோலிக்குத்தான்."

பட்டையைக் கட்டும்போது ஜெனிட்டா சொன்னாள்: "ஒண்ணு சொல்லணும்க்கா. கனவுல வெளித் தோற்றம் வராது. நீங்க உங்களுக்குள்ள எப்படி இருக்கீங்களோ அப்படித்தான் தெரிவீங்க. அவரு உங்கள அடையாளம் கண்டுக்கிடுவாருன்னு நினைக்காதீங்க."

"எனக்குள்ள நானு ஒரு சோளக்கருதாட்டந்தான் இருப்பேன்" என்றாள் கோகிலவாணி. கண்ணை மூடினாள்.

எஸ்கலேட்டர் அவளைத் தூக்கிக்கொண்டு போனது. அது இரும்பால் ஆனதாகத் தெரியவில்லை. மேல்நோக்கி ஓடுகிற ஒரு வாய்க்கால். அதில் மல்லிகைச் சரங்கள் மிதந்தன. மூன்றாம் தளத்தின் கூரை மூன்றாம் பிறை உயரத்தில் இருந்தது. அலமாரிகள் சென்னிமலை மாதிரி அடுக்கடுக்காக எழும்பி மேகத்துக்குள் போயின. நிறங்களுக்கு வாசனை இருந்தது. அரக்குக்குப் பெருங்காய வாசம், கிளிப்பச்சைக்குப் புது மழை வாசம். யாரோ ஒருத்தி சேலையை விரிக்க, அதன் மல்லிமொக்குப் புட்டாக்கள் துணியிலிருந்து கழன்று சற்றுநேரம் காற்றில் நின்று மறுபடி போய் உட்கார்ந்தன.

பெண்கள் எல்லோரும் அவரவர் உள்ளத்து உருவில் இருந்தார்கள். எண்பது வயது ஆத்தா ஒருவர் ரெட்டைச் சடையும் பாவாடையுமாகக் குதித்து ஓடினார். பேங்க் மேனேஜர் அம்மாள் தென்னை மர உயரத்தில் நின்று தலையைக் குனிந்து விலைச்சீட்டு படித்தார். ஒரு மெலிந்த பெண் யானை நடையில் போனாள். ஒருத்தருக்கொருத்தர் வழிவிட்டு, யாரும் யாரையும் இடிக்காமல், ஆற்றில் அடித்துப் போகிற பூக்கள் போல நகர்ந்தார்கள்.

நடுவே பட்டு கவுண்டர். சென்னியப்பனுக்கு ஆயிரம் கை. அவ்வளவு இல்லை, கோகிலவாணி எண்ணிய வரையில் பதினாறு.

அவள் போய் முக்காலியில் உட்கார்ந்தாள்.

"வாங்க அம்மிணி, வாங்க. ஒரு சோடா சொல்லட்டுங்களா? என்ன விசேசமுங்க?"

"ஒண்ணுமில்லீங்க. சும்மா."

"சும்மா கட்டறதுக்குத்தானுங்க நல்லதா எடுக்கோணும். முகூர்த்தச் சேலைய யாரு பாக்கறா? எல்லாரும் மேளத்தப் பாப்பாங்க." அவர் ஒரு சேலையை வீசினார். அது காற்றில் ஏறி, ஆடி, ஒரு நாழிகை கழித்து இறங்கியது. "மாம்பழ மஞ்சளுங்க. அரக்கு பார்டர்."

"வேண்டாமுங்க. மஞ்சள் எடுத்தா எண்ணெ தெறிச்சது தெரியும்."

"மயில்கழுத்து?"

"கண்ணக் கூசுதுங்க."

"வாடாமல்லி. உங்களுக்குன்னே நெய்ஞ்சதாட்டம் இருக்குதுங்க."

"எல்லாத்துகிட்டயும் இதத்தானுங்களே சொல்லுவீங்க?"

சென்னியப்பனின் பதினாறு கையில் பதினாலு அப்படியே நின்றன. மற்ற வாடிக்கையாளர்களை அந்தரத்தில் விட்டுவிட்டு அவர் இவளை முதல் முறையாக நன்றாகப் பார்த்தார். "வீட்டுல எப்பவும் என்ன கலருங்க கட்டுவீங்க?"

"வீட்டுல பாக்கறதுக்கு ஆளில்லீங்க. அதனால கலர் யோசிக்கறதில்ல."

நூறு சேலை விரிந்தது. முந்நூறு விரிந்தது. கவுண்டர் மறைந்து பட்டு மலையானது; மலையின்மேல் இன்னொரு மலை. கோகிலவாணி ஒவ்வொன்றுக்கும் ஒரு குறை சொன்னாள். குறை தீர்ந்துபோனபோது, உப்புப் போதாது என்றுகூட ஒரு சேலைக்குச் சொன்னாள். மூன்று நாளோ மூன்று நிமிஷமோ, கனவுக்கு எல்லாம் ஒன்றுதான்.

கடைசியில் அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, கீழே குனிந்து, எங்கேயோ அடியிலிருந்து ஒரே ஒரு சேலையை எடுத்தார். வீசவில்லை. மெதுவாகப் பிரித்தார்.

மழைக்கு முந்தின நிமிஷம் பவானி ஆறு ஒரு நிறத்தில் இருக்கும். பச்சையும் இல்லை, சாம்பலும் இல்லை. பதினாறு வயதிலிருந்து கோகிலவாணி அந்த நிறத்தை மனசுக்குள் வைத்திருந்தாள். யாரிடமும் சொன்னதில்லை, அதற்குப் பெயர் தெரியாததால் நெசவுப்பெட்டியிடம்கூடச் சொன்னதில்லை. அந்த நிறம் இப்போது அவள் தோளில் விழுந்தது. சென்னியப்பன் கண்ணாடியைத் திருப்பினார்.

கண்ணாடியில் ஒரு பெண் நின்றாள். நல்ல உயரம். நிமிர்ந்த கழுத்து. இருபதா அறுபதா என்று சொல்ல முடியாத முகம். ஒரு நாட்டையே சோளம் வேகவைக்கச் சொல்லி உத்தரவு போட்டு, அது வெந்துவிட்டதா என்று பார்க்க வந்தவள் போன்ற பார்வை. யார் இவள் என்று கோகிலவாணி பின்னால் திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாரும் இல்லை.

"உங்களுக்கு இது எடுப்பா இருக்குதுங்க அம்மிணி" என்றார் சென்னியப்பன். வியாபாரக் குரல் இல்லை அது. குரலே கொஞ்சம் உடைந்திருந்தது.

கோகிலவாணியின் கை சேலைமேல் படிந்துவிட்டது. சரி என்று ஒரு வார்த்தை. சொன்னால் பில் போடுவார், பையில் போட்டுத் தருவார், அடுத்த ஆளிடம் திரும்பிவிடுவார். நாளைக்கும் வரலாம், மறுநாளும் வரலாம், இந்தக் கண்ணாடி இங்கேயே இருக்கும். அன்சாரி பாய் கடை இருக்கும். வண்டி இருக்கும். அவரும் இருப்பார், இப்படி எதிரில், என்றைக்கும்.

"புடிக்கலீங்க" என்றாள்.

எழுந்தாள். சேலையைத் தோளிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தாள். வாசலைப் பார்த்து நடந்தாள்.

மூன்றாம் தளம் ஒரு நொடி மூச்சு விடவில்லை.

"அம்மிணி! நில்லுங்க!" பின்னால் கவுண்டரின் பலகை தூக்கப்படுகிற சத்தம். "இன்னும் உள்ளே சரக்கு இருக்குதுங்க!"

அவள் நடந்தாள். தரை நீண்டது. அலமாரிகள் குனிந்து வழி மறித்தன. நிறங்கள் அவள் காலைச் சுற்றிப் பூனை மாதிரி உரசின. எஸ்கலேட்டர் மேல்நோக்கி ஓடியது. அவள் அதில் கீழ்நோக்கி இறங்கினாள்.

"பார்டர மாத்தித் தரட்டுங்களா? ஒரு நிமிசம் திரும்புங்க அம்மிணி, ஒருக்கா!"

கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது. கோகிலவாணி இரண்டு கையாலும் தன் தலையைப் பிடித்து நேராக வைத்துக்கொண்டாள். கார் நிறுத்துமிடம். செருப்புச் சத்தம் இப்போது ஓட்டமாகிவிட்டது. கண்ணாடிக் கதவு. அதற்கு அப்பால் பெருந்துறை ரோடு, வெள்ளையாக, எழுதாத தாள் மாதிரி. அவள் தள்ளினாள். கதவு மூடுவதற்கு முன் இன்னொரு கை அதைப் பிடித்தது.

*

நானூற்றுச் சொச்சம் பெண்கள் ஒரே சமயத்தில் எழுந்து உட்கார்ந்து "பில்லே போடலையே!" என்று போட்ட கூச்சலில் சேலம் வரை காக்கைகள் பறந்தன. அன்று ஒரு மணி நேரத்தில் கோகிலவாணி இரண்டு வயல் சோளம் விற்றாள். சென்னியப்பன் மறுபடி பட்டை கட்டிக்கொள்ளவில்லை. அதற்கடுத்த நாளிலிருந்து யாரும் வரவில்லை.

ஹரிஷ்வர்தன் சொன்னது தப்பவில்லை. ஆவணிக்குள் கடைகள் ஷட்டரை இறக்கின. பஞ்சுமிட்டாய்க்காரர் ஊருக்குப் போனார். அன்சாரி பாய் செருப்புகளை மூட்டை கட்டியபோது கோகிலவாணி போய் ஒரு கை பிடித்தாள். அவர் தடுக்கவில்லை. கடைசி மூட்டையை ஆட்டோவில் ஏற்றிவிட்டு, "சென்னியப்பன் நல்லா இருக்கானா?" என்று மட்டும் கேட்டார். இருக்கிறார் என்றாள். அவர் தலையாட்டினார்.

பிறகு ஐப்பசியில் மாலுக்கு மூன்றாவது ஆங்கர் வந்தது. டிரைவிங் லைசென்ஸ் கொடுக்கிற அரசாங்க அலுவலகம். முதல் இரண்டையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. ஏழுமுகூர்த்தத்துக்கு வந்தவர் எப்படியும் அன்றைக்கே போய்விடுவார். கனவுக்கு வந்தவர் நாலு மணிக்குப் போய்விடுவார். இங்கே டோக்கன் வாங்கியவர் அவ்வளவு சீக்கிரம் எங்கே போக முடியும்? பதினெட்டு வயதில் வந்து, முறை வருவதற்குள் பேரன் எடுத்தவர்கள் உண்டு. அத்தனை பேருக்கும் பசித்தது. கோகிலவாணி இரண்டாவது வண்டி போட்டாள்.

இரண்டாவது வண்டியில் நின்றவர் சென்னியப்பன். சோளத்துக்கு மசாலா தூவும்போது முந்தியை விரிக்கிற அதே வீச்சு. ஆனால் அவர் கண் கப்பில் இருக்காது. எஸ்கலேட்டரில் இறங்குகிற ஒவ்வொரு பெண்ணின்மேலும் இருக்கும்.

"யாரத் தேடறீங்க மாமா?" என்று ஒரு நாள் கேட்டாள்.

அவர் தயங்கினார். "தப்பா நெனைக்காத புள்ள. கடைசி நாள் கனவுல ஒரு அம்மிணி வந்தாங்க. ஒண்ணுமே புடிக்கலீன்னுட்டாங்க. அவங்க பின்னால வந்துதான் நானு முழிச்சேன். எந்த ஊருன்னுகூடத் தெரியில."

கோகிலவாணியின் கரண்டி நின்றது. சொல்ல வாயெடுத்தாள். "எப்பிடி இருந்தாங்க?" என்று அது வெளியே வந்தது.

"எப்பிடின்னா..." அவர் கொஞ்ச தூரம் பார்த்தார். "நல்ல ஒசரம். ஒரு நடை, அப்பிடியொரு நடை. சேலையப் பாக்கல புள்ள, என்னையப் பாத்தாங்க. இத்தன வருசத்துல கவுண்டர்ல உக்காந்தவங்க ஒருத்தரும் என்னையப் பாத்ததில்ல."

"அழகுங்களா?"

"உங்கிட்ட எப்பிடிச் சொல்றது..."

"சொல்லுங்க மாமா, நானு கோவிச்சுக்க மாட்டேன்."

அவர் சொன்னார். கால் மணி நேரம் சொன்னார். டோக்கன் முப்பத்தேழைக் கூப்பிட்டார்கள். டோக்கன் முப்பத்தெட்டைக் கூப்பிட்டார்கள். வண்டிக்கு முன்னால் ஆறு பேர் சோளத்துக்கு நின்றார்கள். கோகிலவாணி ஒருவருக்கும் கொடுக்கவில்லை. கன்னத்தில் கையை ஊன்றிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கழுத்து எப்பிடீன்னீங்க?" என்றாள். "அந்த எடம் செரியாக் கேக்கல. மொதல்ல இருந்து சொல்லுங்க."